ஆற வைத்த தண்ணீர்: பிரிக்பீல்ட்ஸிலிருந்து பந்திங் தோட்டத்துக்கு எட்டு சனிக்கிழமைகள்

இந்தத் தளத்தை ஆரம்பித்து நான்கு வருடங்கள் ஆகின்றன. இதுவரை எழுதியதெல்லாம் வாய்க்கும் காலுக்கும்தான். காஜாங்கில் எந்தக் கடையில் சாத்தே இன்னும் ஒழுங்காக இருக்கிறது, காரே இல்லாமல் கிள்ளான் பள்ளத்தாக்கை எப்படிச் சுற்றுவது, எந்த ஸ்டேஷனில் கழிப்பறைக்குள் மூக்கைப் பொத்தாமல் போகலாம், இப்படி. கப்பல் அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். நேரம், கட்டணம், தூரம் மூன்றையும் துல்லியமாக எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வாசகர்களில் சிலர் இதைக் கிண்டல் செய்வதும் தெரியும்.

தைப்பூசம் முடிந்த பிறகு நான் வாரா வாரம் பந்திங் போவதை எங்கோ ஒரு பதிவில் ஒற்றை வரியில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பேர் கேட்டிருந்தார்கள்: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவப் போகிறீர்களாமே, நாங்களும் போகலாமா, பாதையை எழுதுங்கள். எழுதுகிறேன். ஆனால் இந்தப் பதிவில் ஒரு குழந்தை இறந்துபோகிறது. அதில் என் கைக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம். வார இறுதிக்கு ஜாலியாக ஏதாவது படிக்க வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் பிளாட்டிலிருந்து கே.எல். சென்ட்ரல் ஒன்பது நிமிட நடை. கிள்ளான் போகும் கொமுட்டர் ரயில் சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஒன்று உண்டு. அதைப் பிடித்தால் எட்டு இருபதுக்குக் கிள்ளானில் இறங்கலாம். வண்டிக்குள் குளிர் அதிகம், ஒரு சட்டை கூடுதலாகக் கொண்டு போங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிடம் நடந்தால் ஒரு கடைவீட்டு மாடியில் இலவச கிளினிக் ஒன்று. ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவர் ஒருவர் வாரத்தில் மூன்று நாள் நடத்துகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அங்கே எல்லாவற்றையும் ஓட்டுவது புஷ்பா மிஸ்ஸி. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து வந்தவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் சர்க்கரையே போடமாட்டார். நான் உதவிக்கு வருகிறேன் என்று முதன்முதலில் போய் நின்றபோது என்னை மேலும் கீழும் பார்த்து, "அண்ணே, ரெண்டு வாரம் வந்துட்டு கால் வலின்னு நின்னுருவீங்கன்னா இப்பவே சொல்லிருங்க," என்றார். எனக்குக் கொஞ்சம் ரோஷமாகிவிட்டது. ஒரு வாரம்கூட விடமாட்டேன் என்று சொன்னேன்.

வேலை இதுதான். பந்திங்குக்கு அப்பால், எண்ணெய்க்கான ஒரு செம்பனைத் தோட்டத்தில் இரட்டைக் குழந்தைகள், பதின்மூன்று மாதம். பையன் தருண் ஐந்து கிலோ நூறு கிராம். பெண் யாஷினி ஐந்து கிலோ எழுநூறு. அந்த வயதில் அவர்கள் அதைப்போல ஒன்றரை மடங்காவது இருந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு பேருக்குப் பால் போதவில்லை. சுசு டின்னை, அதாவது டப்பாப் பாலை, தண்ணீராகக் கரைத்துக் கொடுத்து வந்திருக்கிறாள். அம்மாவுக்கு அடையாள அட்டையும் இல்லை. எந்தக் கவுண்டரில் என்ன கேட்பார்களோ என்ற பயத்திலேயே வீட்டோடு இருந்துவிட்டாள். கிளினிக் கொடுக்கும் ஊட்டச்சத்துப் பேஸ்ட்டை வாராவாரம் கொண்டுபோய்க் கொடுத்து, எடை பார்த்துக் குறித்து வர வேண்டும். பெட்டி மூன்று கிலோ, தராசு தனி.

கிள்ளானிலிருந்து பந்திங் பஸ் காலை ஒன்பது மணிக்கு. ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், நான்கு வெள்ளி (ரிங்கிட்). இடது பக்கம் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். பந்திங்கில் இறங்கி பாசார், அதாவது சந்தைப் பக்கம் நடந்தால் ரவி என்கிற டாக்சிக்காரர் காத்திருப்பார். தோட்டம் பதினொரு கிலோமீட்டர்தான், ஆனால் கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண். இருபத்தைந்து நிமிடம், பதினெட்டு வெள்ளி. முதல் வாரம் பேரம் பேசிப் பார்த்தேன்.

"பாஸ், அங்க ரோடே இல்ல லா. லோரி போற தடம். எங் கார் பாவம்," என்றார் ரவி. போய்ப் பார்த்த பிறகு நானும் பேரத்தை விட்டுவிட்டேன்.

முதல் சனிக்கிழமை புஷ்பா மிஸ்ஸியும் கூட வந்தார். தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், மூன்றில்தான் ஆட்கள். கடைசி வீடு குணாவுடையது. குணா செம்பனைக் குலை வெட்டுகிறவர், இருபத்தொன்பது வயது, ஒடிசலான தேகம், பேசுவதற்குக் காசு கேட்பவர்போல இருப்பார். அவர் மனைவி லோகேஸ்வரிக்கு இருபத்துநான்கு. எல்லோருக்கும் லோகா. குழாய் இணைப்பு எப்போதோ போய்விட்டது. கூரைத் தண்ணீரையும் வாய்க்கால் ஓரக் கிணற்றிலிருந்து மோட்டார் இழுக்கும் தண்ணீரையும் ஒரு நீல டிரம்மில் நிரப்பி வைத்திருந்தார்கள். அந்த வாய்க்காலில் மாடுகள் இறங்கி நிற்பதை வரும் வழியில் பார்த்தேன்.

தருணைத் தூக்கித் தராசில் வைத்தது நான்தான். துணி மட்டும் கையில் இருப்பதுபோல இருந்தது. தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. ஆனால் கண் மட்டும் சரியான குறும்பு. என் மூக்குக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தான்.

மிஸ்ஸி பேஸ்ட் பொட்டலத்தைக் கிழித்து, பிதுக்கி, அவன் உதட்டில் தடவினார். கச்சான் என்கிற வேர்க்கடலை, பால் பவுடர், எண்ணெய், சர்க்கரை எல்லாம் சேர்ந்த பழுப்புக் குழம்பு. அப்படியே நக்கிச் சாப்பிட வேண்டியதுதான், கரைக்கக் கூடாது. பிறகு லோகாவிடம், எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்: "இதுல தண்ணியே கிடையாது லோகா. அதனாலதான் கெட்டுப் போகாது. ஆனா சாப்பிட்டதும் புள்ளைக்குத் தாகம் எடுக்கும். கேக்கக் கேக்கத் தண்ணி குடுக்கணும். அந்தத் தண்ணி சுத்தமா இல்லன்னா நாம ஊட்டுறது எல்லாம் பேதியா வெளிய போயிரும். மத்த புள்ள பேதி வந்தா ரெண்டு நாள்ல எந்திரிச்சிரும். இவன் எந்திரிக்க மாட்டான். புரியுதா?"

லோகாவுக்குப் புரிந்தது. அவள் செய்த முறையை நான் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் அது சரியான முறை. டிரம் தண்ணீரைத் துணியில் வடிகட்டுவாள். கெட்டிலில் ஊற்றி அடுப்பில் வைத்து நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுவாள். அதை மூடியுள்ள சில்வர் குண்டானில் ஊற்றி மூடி வைப்பாள். தானாக ஆறும்வரை தொடமாட்டாள். காலையில் ஒரு குண்டான், மத்தியானம் ஒரு குண்டான். எடுப்பதற்குத் தனிக் கரண்டி, கொடுப்பதற்குத் தனிக் கப். குணாகூட அந்தக் குண்டான் பக்கம் போகக் கூடாது. "அவருக்கு டிரம் தண்ணிதான்," என்று லோகா சிரித்தாள். குணாவும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டாவது வாரம் தருண் ஐந்து கிலோ இருநூற்றைம்பது. மூன்றாவது வாரம் ஐந்து கிலோ நானூற்றிருபது. யாஷினி ஆறு கிலோவைத் தொட்டுவிட்டாள். எண்களை எழுதும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருடம் கண்டெய்னர் எடை எழுதிய கை, இந்த நூற்றெழுபது கிராமுக்குக் கீழே இரண்டு கோடு போட்டது. பிளாட்டில் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நானே அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் பிறகு வேலையைக் காட்டியது.

நான்காவது சனிக்கிழமை. கிள்ளானில் ஒன்பது மணி பஸ் வரவேயில்லை. பத்தரைக்குத்தான் ஏறினேன். தோட்டத்தை எட்டும்போது மணி பன்னிரண்டு இருபது. பந்திங்கிலிருந்து கிள்ளானுக்குத் திரும்பும் பஸ் இரண்டரைக்கு. அதனால் ரவியை ஒன்றே முக்காலுக்கு வரச்சொல்லி அனுப்பினேன். கடுமையான வெயில். காலைக் குண்டான் பதினொன்றரைக்கே காலியாகிவிட்டிருந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் அவ்வளவு தாகம். லோகா மறுபடி கொதிக்க வைத்துக் குண்டானில் ஊற்றி மூடியபோது ஒரு மணி.

நான் எடை பார்த்தேன். தருண் ஐந்து கிலோ ஐந்நூற்றெண்பது. சந்தோஷத்தில் நானே ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஊட்டினேன். மிச்சம் வைக்காமல் தின்றான். தின்றதும் தண்ணீருக்கு அழ ஆரம்பித்தான். சும்மா அழுகை இல்லை, அடிவயிற்றிலிருந்து கத்தல். லோகா குண்டானைத் தொட்டுப் பார்த்தாள். தொடமுடியாத சூடு.

"கொஞ்சம் ஆறட்டும் அங்கிள்," என்று அவனைத் தோளில் போட்டுத் தட்டினாள். விசிறினாள். அவன் நிறுத்துவதாக இல்லை. மணி ஒன்றரை. ரவி வந்துவிடுவார். பிள்ளை தண்ணீர் குடித்ததை ஏட்டில் குறித்தால்தான் என் வேலை முடியும்.

என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் வீடுகளில் யாராக இருந்தாலும் செய்வதுதான். குளிக்க வெந்நீர் விளாவுகிற மாதிரி, கப்பில் பாதிக்குக் குண்டானிலிருந்து சுடுதண்ணீர் எடுத்தேன். மீதிப் பாதிக்கு டிரம்மிலிருந்து பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். மணிக்கட்டில் இரண்டு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். பக்குவமாக இருந்தது. என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாளைக்கு ஆறு தடவை இப்படித்தான் பால் கரைத்திருக்கிறேன். எங்கள் பிளாட்டில் அந்தப் பச்சைத் தண்ணீர் வடிகட்டியிலிருந்து வரும் தண்ணீர். அந்த வித்தியாசம் அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவேயில்லை.

லோகா பார்த்தாள். "அங்கிள், மிஸ்ஸி வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"நானும் புள்ள வளர்த்தவன்தான்மா. பாதி கொதிச்ச தண்ணி இருக்குல்ல, ஒண்ணும் ஆகாது," என்றேன்.

அவள் தருணைத் தோளிலிருந்து இறக்கி மடியில் உட்கார வைத்தாள். தருண் இரண்டு கையாலும் கப்பைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தான். அழுகை நின்றது. எனக்கு அவ்வளவு பெருமை. கப்பும் கையுமாக அவனைப் படம்கூட எடுத்தேன். அந்தப் படம் இன்னும் போனில் இருக்கிறது. பார்க்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. இரண்டரை பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். நான்கு பத்துக்கு இன்னொரு பஸ் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கால அட்டவணையை எழுதி வைத்திருப்பவனே நான்தான்.

ஐந்தாவது சனிக்கிழமை நான் போனபோது லோகா குண்டானுக்காகக் காத்திருக்கவில்லை. பாதி சூடு, பாதி டிரம், மணிக்கட்டில் இரண்டு சொட்டு. என் கண்ணெதிரில், நான் செய்த மாதிரியே. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பரவாயில்லையே, பொண்ணு சட்டென்று கற்றுக்கொண்டாள் என்று நினைத்தேன். எடையில் இருபது கிராம்தான் ஏறியிருந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை மிஸ்ஸி போன் செய்தார். தருணுக்கு இரண்டு நாளாகப் பேதி, கிள்ளான் அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். யாஷினிக்கும் லேசாக இருந்து நின்றுவிட்டது. நான் டயப்பர் பை ஒன்றை வாங்கிக்கொண்டு பத்தே கால் வண்டியைப் பிடித்து ஓடினேன். வார்டில் தருண் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான், ஆனால் யாரையும் பார்க்கவில்லை. என் கண்ணாடியை அவன் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். விரல் அசையவில்லை. அங்கே இருந்த டாக்டர்களும் நர்ஸுகளும் ஒரு நிமிடம்கூட அவனை விட்டு நகரவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

வராந்தாவில் புஷ்பா மிஸ்ஸி லோகாவைக் கேட்டார். குணாவும் பக்கத்தில் நின்றார். "தண்ணி எப்படிக் குடுத்தே? ஆற வெச்சுத்தானே?"

லோகா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்ல மிஸ்ஸி. ஆற நேரமாகுதுன்னு டிரம் தண்ணி கலந்துட்டேன்."

"யாரு கலக்கச் சொன்னா உன்ன?"

"யாரும் சொல்லல. நாந்தான்."

நான் அங்கேயே நின்றேன், மூன்றடி தூரத்தில், கையில் டயப்பர் பையோடு. வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. மிஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டார். குணா மனைவியை ஒரு பார்வை பார்த்தார், திரும்பி நடந்துபோய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். நான் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமான காரியம் எதையும் நான் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் தருண் போய்விட்டான். ஆறாவது சனிக்கிழமை நான் பந்திங் போனது அவனைப் புதைக்கிற இடத்துக்கு. அதே பஸ், அதே ரவி. ரவி அன்றைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். சின்னக் குழந்தை என்பதால் சடங்கு ஒன்றும் பெரிதாக இல்லை. குணாவே குழி வெட்டினார், தோட்டத்து ஆட்கள் நான்கு பேர் இருந்தார்கள். லோகா யாஷினியை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலேயே நின்றாள்.

இந்தத் தண்ணீரால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவ்வளவு பலவீனமான உடம்புக்கு எதுவும் காரணமாகலாம் என்று பிறகு கிளினிக் டாக்டர் சொன்னார். இரண்டு வாரம் நான் அந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டேன். ஏழாவது சனிக்கிழமையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்காகப் போனேன், யாஷினிக்கு எடை பார்த்தேன், திரும்பினேன். அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். மத்தியானம் வந்த குணா, லோகா வைத்த தட்டைத் தொடவில்லை. தானே போய்ச் சட்டியிலிருந்து போட்டுக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பக்கத்து வீட்டு அக்கா என் காதில் சொன்னார். கிளினிக் ஏட்டிலும் தருண் பெயருக்கு நேரே மிஸ்ஸி எழுதியிருந்தார்: தாய் சொன்னபடி செய்யவில்லை.

எட்டாவது சனிக்கிழமை ஏழேகால் வண்டியில் ஏறும்போதே இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பஸ்ஸில் மனதுக்குள் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். லோகா அடுப்படியில் குண்டானை மூடிக்கொண்டிருந்தாள். மறுபடி பழைய முறைக்கே வந்திருந்தாள்.

"லோகா, அன்னிக்கு டிரம் தண்ணி கலந்தது நான்தாம்மா. உன் மேல தப்பே இல்ல."

"தெரியும் அங்கிள்," என்றாள், திரும்பாமலே.

"அப்புறம் ஏம்மா நாந்தான்னு சொன்னே?"

"அப்ப தருண் உசுரோட இருந்தான் அங்கிள். வீட்டுக்கு வந்துருவான்னுதான் நெனச்சேன். நீங்கதான்னு சொன்னா மிஸ்ஸி உங்கள அனுப்ப மாட்டாங்க. அப்புறம் யாரு இங்க வருவா? மிஸ்ஸி நாலு மாசம் ஆள் கேட்டுக் கேட்டு நீங்க ஒருத்தர்தான் கெடச்சீங்க." துணியால் கையைத் துடைத்தாள். "என்னயத் திட்டுனா, அழுதுட்டு நான் பேஸ்ட வாங்கிக்குவேன். உங்களத் திட்டுனா நீங்க வர மாட்டீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நான் கலந்தப்பவே தடுத்திருக்கலாமேம்மா."

"வாய் வரைக்கும் வந்துச்சு. பெரியவங்க நீங்க. படிச்சவங்க. இவ்ளோ தூரம் பஸ் ஏறி வர்றவங்க. எப்படிச் சொல்றது? அப்புறம் நீங்களே செய்றப்போ சரியாத்தான் இருக்கும்னு நானும் செஞ்சுட்டேன்." குண்டான் மூடியை அழுத்திவிட்டு, "யார்கிட்டயும் சொல்லிராதீங்க அங்கிள். யாஷினி இருக்கா," என்றாள்.

அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்குக் குணா மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் வாசலிலேயே மறித்துச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்று முழுவதையும் கேட்டார். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நீங்க போங்க அங்கிள்," என்று மட்டும் சொன்னார். நான் செம்மண் பாதையில் இறங்கி நடந்தேன். பின்னால் வீட்டுக்குள் அவர் குரல் கேட்டது: "லோகா, சோறு போடு."

பந்திங்கிலிருந்து நேரே கிள்ளான் கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸியிடமும் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஏட்டைத் திறந்து அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். பிறகு, "அன்னிக்கு வராந்தால நின்னீங்களே அண்ணே," என்றார். பேனாவை மூடி வைத்துவிட்டு, "இனிமே நீங்க போக வேணாம்," என்றார். சரியான முடிவுதான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. நேரமும் கட்டணமும் மேலே இருக்கின்றன, ரயிலையும் சேர்த்து ஒருநாள் போய்வர ஐம்பது வெள்ளி போல ஆகும். ரவி திரும்பி வந்து அழைத்துக்கொள்ளும் பதினெட்டும் அதில் அடக்கம். தொப்பி, குடை, உங்களுக்கான தண்ணீர் எல்லாம் கொண்டுபோங்கள், அந்த வீட்டுக் குண்டானிலிருந்து எடுக்க வைக்காதீர்கள். முடிந்தால் இன்னொரு மூடிபோட்ட பாத்திரம் வாங்கிப் போங்கள். இரண்டு இருந்தால் ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று கைகொடுக்கும். நான் எட்டு வாரத்தில் எத்தனையோ பிஸ்கட் பொட்டலம் வாங்கிப் போனேன், இது எனக்குத் தோன்றவில்லை. கொதித்த தண்ணீர் குடிக்கிற பக்குவத்துக்கு ஆற அந்த வெயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குமேல் ஆகிறது. பச்சைத் தண்ணீரும் வேண்டாம், கடையில் வாங்கிய ஐஸும் வேண்டாம். அவசரமென்றால் மூடிய பாத்திரத்தை அப்படியே ஒரு தொட்டித் தண்ணீரில் இறக்கி வையுங்கள், உள்ளே ஒரு சொட்டு போகாமல். பிள்ளை அழும். அழட்டும், தூக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். நம்மைப்போலப் பட்டணத்திலிருந்து போகிறவர்களை அவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள். நாம் தப்பாகச் செய்தாலும் தலையாட்டுவார்கள். அதனால் அந்த வீட்டு அம்மாவிடம், நீ எப்படிச் செய்கிறாய் காட்டு என்று கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

போன சனிக்கிழமை ஏழேகால் வண்டி நேரத்துக்கு நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கிளினிக்கில் வேறு ஆள் கிடைக்கவில்லை. மிஸ்ஸிக்கு அன்று டாக்டரோடு வேலை. பதினொன்றரைக்கு என் போன் அடித்தது. லோகா.

"அங்கிள், இன்னிக்கு யாரும் வரல. பேஸ்ட் திங்கக்கெழம வரைக்கும்தான் இருக்கு." பின்னால் யாஷினி ஏதோ கத்தி விளையாடிக்கொண்டிருந்தது கேட்டது. லோகாவின் குரலில் கோபமே இல்லை. "நான் அப்பவே சொன்னேன்ல அங்கிள்."

திங்கள்கிழமை மிஸ்ஸி லீவு போட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு வாரமும் அவரால் முடியாது. யாஷினி இப்போது ஆறு கிலோ நானூறு. இன்னும் இரண்டு மாதமாவது பேஸ்ட் தொடர வேண்டும். உங்களில் யாராவது கருத்துப் பெட்டியில் ஒரு வரி எழுதினால், கிளினிக்கில் யாரைப் பார்ப்பது என்று தனியாகச் சொல்கிறேன். ஸ்டேஷன் வரை வந்து வண்டியும் ஏற்றிவிடுகிறேன். இந்தச் சனிக்கிழமைக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.